ஆரோ

பெட்டகம் ஆச்சரியக்குறியோடு தொடங்குகிறது.
வியப்பு ஒன்றுமில்லை, கோப்பு வடிவத்தின் விதி அது.
உள்ளே ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நெற்றிப்பட்டை:
பெயர், நாள், உடையவர் எண், எடை.
ஒற்றைப்படையில் முடிகிற உறுப்பின் காலடியில்
ஒரு வெற்று எழுத்தைச் செருகி
இரட்டையாக்கிக்கொள்ளும். தனியாய் நிற்க விடாது.

தோர்ஷவனில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
ரன்வா காலுறைகளை ரேடியேட்டர்மேல் போட்டுவிட்டு
வெறுங்காலோடு உட்கார்ந்து
கறுப்புத் திரையில் இரண்டெழுத்து அடிக்கிறாள்.
ஏ. ஆர்.
தமிழில் கூட்டிப் படித்தால் அதுவே ஒரு கேள்வி:
ஆர்?

அவளுக்குத் தமிழ் தெரியாது.
பின்னால் ஒரு டி, ஒரு வி சேர்க்கிறாள்.
நாற்பத்தொரு பெயர்கள் வரிசையாய் விழுகின்றன.
நாற்பதுக்கு மூலநிரல் இருக்கிறது.
ஒன்றுக்கு இல்லை:
ஸ்ட்ரெய்முர், நீரோட்டம்.
புதிய அலைதடுப்புச் சுவர் எழுந்த நாளிலிருந்து
பதினொரு நிமிடம் பிந்திச் சொல்கிறது
கடல் எப்போது திரும்பும் என்று.
படகோட்டிகள் அதை நம்பாமல்
நுரையைப் பார்த்துக் கிளம்புகிறார்கள்.

உடையவர்: 1047.
நாள்: தொண்ணூற்றாறு, டிசம்பர் 31,
இரவு 11:52.

ஊரே வாணம் பார்க்கக் கரைக்குப் போன நேரத்தில்
கம்பைலரை ஓட்டியது ஆர்?
கடவுச்சொல் கோப்பில் 1047 இல்லை.
சம்பளப் பட்டியல் அந்த ஆண்டுக்குமுன் தாளில்,
தாள் வெள்ளத்தில்.
உறுப்பின் வயிற்றைத் துழாவினால்
எண்களின் நடுவே ஒரே ஒரு மனித வாக்கியம்:
"இச்சி நூ, மார்யுன்."
இப்போது வேண்டாம், மார்யுன்.
பிழைச் செய்திக்கான இடத்தில்
அதை ஏன் எழுதிவைக்க வேண்டும்?
மார்யுன் கதவைத் தட்டினாளா?
எட்டு நிமிடத்தில் புத்தாண்டு என்றாளா?

"தூக்கிவிடு" என்கிறான் ஹானுஸ், காப்பியோடு.
"ஒரு டி போதும்."
உண்மைதான். முதலில் நின்றால் டி அழிக்கும்.
பட்டியலைக் காட்டிய அதே நட்பான எழுத்தில்லை;
அது வேறு டி, வாயை அகலத் திறக்கிற டி.

எடுத்துப் பார்க்கலாம் என்றால் எக்ஸ்.
ஆனால் எக்ஸ் வெளியே இழுத்த கணமே
இன்றைய தேதி ஒட்டிக்கொள்ளும்.
தேதி பிழைக்க வேண்டுமென்றால்
கூட ஓர் ஓ போட வேண்டும்.
ஆர், கடைசியில் ஓ.
ஆரோ.
தேதி தங்கும்; 1047 தங்காது.
வெளியே வந்த கோப்பு ரன்வாவுடையது,
அவள் எண்ணோடு, அவள் பெயரோடு.
திரும்ப உள்ளே வைத்தாலோ
உடையவர் பூஜ்யம், நாள் எழுபது ஜனவரி ஒன்று:
எல்லாக் கோப்புகளும் ஒரே நாளில்
ஆருக்கும் பிறக்காமல் பிறந்தவைபோல.
சுத்தம் என்பார்கள் அதை.
சுத்தம்தான். பெட்டகங்களை ஒப்பிட அதுவே வசதி.

ரன்வா எடுக்கவில்லை.
பிரதி ஒன்றில் மட்டும் பழையதை ஓட்டிப் பார்த்து
விடைகளைக் குறித்துக்கொண்டாள்.
மூன்று வாரம் ஒரு புதிய நீரோட்டம் எழுதினாள்,
சுவரையும் கணக்கில் சேர்த்து,
பழையது பதில் சொன்ன ஒவ்வொரு பெயருக்கும்
தானும் பதில் சொல்லும்படி.
பிறகு ஆருக்கு ஒரு பி கொடுத்து
பழையதற்கு நேர் முன்னால் அதைச் செருகினாள்.

லிங்கர் இரக்கமில்லாத வாசகன்.
தேவையான பெயர் முதலில் எங்கே கிடைக்கிறதோ
அங்கேயே நின்றுவிடும்;
பின்வரிசையைத் திரும்பிப் பார்க்காது.
நாற்பத்திரண்டாவது உறுப்பு சேர்ந்தது,
பழையது அழைப்பின்றி உட்கார்ந்திருக்கிறது,
1047, இரவு 11:52,
வட்டில் சில கிலோபைட் வாடகையில்.

"வீண்" என்றான் ஹானுஸ்.
"ஆமாம்" என்றாள் அவள்.
காலுறை ஒன்று காய்ந்திருந்தது, ஒன்று இன்னும் ஈரம்.

மறுநாள் காலை
தெற்குத் தீவுக்குப் போகும் படகு
நுரையைப் பார்க்காமல் கிளம்பியது.
கடல் சொன்ன நேரத்துக்குத் திரும்பிற்று,
இரண்டு நிமிடம் முந்தி.
அந்த இரண்டு நிமிடம் எங்கே போயிற்று என்று
அவள் இன்னும் தேடுகிறாள்.